எல்27 ஏன் எடை கூடி வருகிறது? பாக்டீரியா தன் ரைபோசோம் புரதங்களைச் செய்து திருத்தும் விதம்

கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் எல்27 புரதத்தை (செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் உறுப்புகளில் ஒன்று) ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவில் உற்பத்தி செய்திருக்கிறீர்கள். ரைபோசோமின் படிக அமைப்பில் தெரியும் எல்27-ஐ வைத்துக் கணக்கிட்ட எடையைவிட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 1,100 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் அதிகமாக வருகிறது. ஏன் என்பது ஒன்று. ரைபோசோம்தான் புரதம் செய்கிறது என்றால் ரைபோசோமுக்குள் இருக்கும் ஐம்பத்துச் சொச்சம் புரதங்களைச் சரியான எண்ணிக்கையில் செய்வது யார் கணக்கு, செய்ததும் அவை அப்படியே போய் உட்கார்ந்துவிடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்குள்தான் இருக்கிறது. அதனால் பின்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் சாம்பிளில் கலப்படம் எதுவும் இல்லை என்று மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்.

முதல் ரைபோசோமை யார் செய்தது என்ற குழப்பம் இங்கே தேவையில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டு பாதியும் தாய்ச் செல்லின் ரைபோசோம்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நேற்றைய மோரை ஊற்றி இன்றைய தயிரை உறைய வைப்பது போலத்தான். ரைபோசோமே இல்லாமல் எந்தச் செல்லும் தொடங்குவதில்லை. ஆனால் செலவு பெரியது. ஈ.கோலையின் ஒரு ரைபோசோமில் சிறு துணையலகில் 21 (பெயர்கள் எஸ் என்று தொடங்கும்), பெரு துணையலகில் 33 (எல் என்று தொடங்கும்) என்று 54 வகைப் புரதங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 7,500 அமினோ அமிலங்கள். 37 டிகிரியில் ஒரு ரைபோசோம் நொடிக்கு ஏறக்குறைய 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். ஆக, ஒரு ரைபோசோம் இன்னொன்றுக்கான புரதங்களை மட்டுமே செய்தாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல்லில் 70,000 ரைபோசோம்கள் வரை இருக்கும். இந்த வேகத்தில் ஒரு புரதம் கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் செல்லுக்கு நஷ்டம். ரைபோசோம் புரதங்களில் பெரும்பாலானவை காரத்தன்மை மிக்கவை. ஆர்என்ஏ-வில் ஒட்டாமல் தனியே மிதந்தால் திரண்டுபோகும், அல்லது புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸ் தின்றுவிடும்.

அளவைக் கட்டுப்படுத்தும் முறை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மசயாசு நோமுராவின் குழுவால் ஈ.கோலையில் தெளிவானது. ரைபோசோம் புரத மரபணுக்களின் பிரதிகளை செல்லுக்குள் கூட்டினார்கள். மரபணுவிலிருந்து எழுதப்படும் நகலான எம்ஆர்என்ஏ கூடியது, புரதம் கூடவில்லை. அப்படியானால் பிடி எம்ஆர்என்ஏ தயாராகும் கட்டத்தில் இல்லை, அதைப் படிக்கும் கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். நடப்பது இதுதான். இந்த மரபணுக்கள் பல ஓபரான்களாக, அதாவது சேர்ந்து ஒரே எம்ஆர்என்ஏ-வாக எழுதப்படும் கூட்டங்களாக இருக்கின்றன. ஒவ்வொரு ஓபரானிலும் பெரும்பாலும் ஒரு புரதம் காவல்காரன். எல்11-எல்1 ஓபரானுக்கு எல்1, எஸ்10 ஓபரானின் 11 மரபணுக்களுக்கு எல்4, எஸ்பிசி ஓபரானுக்கு எஸ்8, ஆல்ஃபா ஓபரானுக்கு எஸ்4, எஸ்7-க்கு அதன் சொந்த ஓபரான். எல்1-க்கு இருக்கவேண்டிய இடம் 23எஸ் ஆர்ஆர்என்ஏ-வில், அதாவது பெரு துணையலகின் சட்டகமான ஆர்என்ஏ-வில். அங்கே இடம் இருக்கும்வரை அது அங்கேதான் போகும், ஏனென்றால் அந்தப் பிணைப்பு வலுவானது. புதிய ஆர்ஆர்என்ஏ வரத்து குறைந்தால் மிஞ்சிய எல்1 தன் சொந்த எம்ஆர்என்ஏ-வின் முகப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தின் மடிப்பு 23எஸ்-இல் உள்ள இருப்பிடத்தைப் போன்றது. எல்11-இன் வாசிப்பு நிற்கிறது. அடுத்து இருக்கும் எல்1-இன் வாசிப்பு முன்னதோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் நிற்கிறது.

எல்லாக் காவல்காரர்களும் ஒரே உத்தியைக் கையாள்வதில்லை. எஸ்15 ரைபோசோமைத் தள்ளிவிடுவதில்லை. எம்ஆர்என்ஏ-வில் சூடோநாட் என்ற முடிச்சு போன்ற மடிப்பை நிலைப்படுத்தி, வந்து ஏறிய ரைபோசோமை அங்கேயே நகரவிடாமல் பிடித்துவைக்கிறது. எல்4 வாசிப்பை மட்டுமல்ல, எம்ஆர்என்ஏ எழுதப்படுவதையும் பாதியில் நிறுத்துகிறது. எல்10 தனியாக வேலை செய்வதில்லை, எல்12-களோடு சேர்ந்த கூட்டாகவே தன் எம்ஆர்என்ஏ-வைப் பிடிக்கிறது. எல்12-க்கு வேறொரு சிக்கலும் உண்டு: மற்றவை ரைபோசோமுக்கு ஒன்று என்றால் ஈ.கோலையில் இது நான்கு. எல்10-உம் எல்12-உம் ஒரே எம்ஆர்என்ஏ-வில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் எல்12-இன் பகுதியில் ரைபோசோம்கள் பல மடங்கு அதிகமாக ஏறுகின்றன. எண்ணிக்கை அங்கேயே சரியாகிவிடுகிறது.

இதில் உண்மையான எஜமான் ஆர்ஆர்என்ஏ. அமினோ அமிலம் தீர்ந்து, அதைச் சுமந்து வரவேண்டிய டிஆர்என்ஏ காலியாக ரைபோசோமுக்குள் வந்தால், ரெல்-ஏ என்ற நொதி பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. அது ஆர்ஆர்என்ஏ எழுதுவதை அடக்குகிறது. ஆர்ஆர்என்ஏ குறைந்த உடனே புரதங்கள் மிஞ்சி, அவையே தங்கள் எம்ஆர்என்ஏ-க்களை மூடிக்கொள்கின்றன. 54 புரதங்களுக்கும் தனித்தனியாக உத்தரவு அனுப்ப வேண்டியதில்லை. இதுவரை சொன்னது ஈ.கோலைக்கு உறுதியானது. இதை அப்படியே எல்லா பாக்டீரியாவுக்கும் நீட்டாதீர்கள். பேசிலஸ் போன்றவற்றில் எல்20, எஸ்15 ஆகியவை தங்கள் எம்ஆர்என்ஏ-வைப் பிடிப்பது காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் பிடிக்கும் இடத்தின் மடிப்பு ஈ.கோலையில் உள்ளதைப் போல இருப்பதில்லை. வேலை ஒன்றுதான் என்றாலும் பூட்டு வேறு.

ரைபோசோமில் நிரந்தரமாக இல்லாத, ஆனால் வாசிப்புக்குத் தேவையான காரணிகளும் இப்படியே தங்களைத் தாங்களே கட்டுப்படுத்துகின்றன. என் பார்வையில் இந்தத் துறையிலேயே அழகான ஏற்பாடு ஆர்எஃப்2-வுடையது. யுஏஏ, யுஜிஏ என்ற நிறுத்தக் கோடான்களை (கோடான் என்பது எம்ஆர்என்ஏ-வின் மூன்றெழுத்துச் சொல்) அடையாளம் கண்டு புரதத்தை விடுவிப்பது ஆர்எஃப்2-இன் வேலை. ஈ.கோலையில் ஆர்எஃப்2-இன் சொந்த மரபணுவிலேயே 26-ஆவது கோடான் யுஜிஏ! செல்லில் ஆர்எஃப்2 போதுமான அளவு இருந்தால் அது அந்த யுஜிஏ-வில் நின்று 25 அமினோ அமிலத் துண்டை விடுவித்துவிடும். புதிய ஆர்எஃப்2 உருவாகாது. ஆர்எஃப்2 குறைவாக இருந்தால் ரைபோசோம் அங்கே காத்து நிற்கும். அந்த இடத்தின் வரிசை சியுயு யுஜிஏ சி. சியுயு-வில் உட்கார்ந்திருக்கும் லூசின் டிஆர்என்ஏ ஒரு எழுத்து முன்னால் வழுக்கி யுயுயு-வைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து வாசிக்கப்படுவது ஜிஏசி, அதாவது அஸ்பார்ட்டிக் அமிலம். அங்கிருந்து முழு ஆர்எஃப்2 வருகிறது. வழுக்குவது தற்செயலும் அல்ல. சியுயு தொடங்குவதற்கு மூன்று எழுத்துக்கு முன்பு, ரைபோசோம் வந்து ஏறும் இடத்தைக் காட்டும் ஷைன்-டால்கார்னோவைப் போன்ற ஏஜிஜிஜிஜிஜி வரிசை இருக்கிறது. சிறு துணையலகின் 16எஸ் ஆர்ஆர்என்ஏ அதில் ஒட்டிக்கொண்டு ரைபோசோமை முன்னால் நெம்புகிறது. நிறைய பாக்டீரியாக்களில் இந்த அமைப்பு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. வாசிப்பைத் தொடங்கிவைக்கும் காரணிகளில் ஒன்றான ஐஎஃப்3-யும் இதே ரகம். ஏயுஜி போன்ற முறையான தொடக்கக் கோடான்கள் அல்லாதவற்றைத் தட்டிக்கழிப்பது அதன் பணிகளில் ஒன்று, ஆனால் ஈ.கோலையில் அதன் சொந்தத் தொடக்கக் கோடானோ ஏயுயு. ஐஎஃப்3 மிகுந்தால் தன்னையே தட்டிக்கழித்துக்கொள்ளும். அமினோ அமிலத்தை டிஆர்என்ஏ-வில் ஏற்றும் சிந்தடேஸ் நொதிகளிலும் இதுபோல உண்டு. ஈ.கோலையின் திரியோனின் சிந்தடேஸ், தன் எம்ஆர்என்ஏ-வின் முன்பகுதியை டிஆர்என்ஏ என்றே எண்ணிப் பிடித்துத் தன் உற்பத்தியை நிறுத்துகிறது. பேசிலஸ் வகையறாவில் டி-பாக்ஸ் முறை: அமினோ அமிலம் ஏறாத டிஆர்என்ஏ நேராக எம்ஆர்என்ஏ-வின் முகப்பில் வந்து ஒட்டினால்தான் மேற்கொண்டு எழுதப்படும்.

இனி, செய்ததும் அப்படியே உட்காருமா என்ற பகுதி. பெரும்பாலானவை கிட்டத்தட்ட அப்படியேதான். எல்லாப் புரதமும் ஃபார்மைல்-மெதியோனினில் தொடங்குகிறது. சங்கிலியின் முனை ரைபோசோமின் சுரங்கத்திலிருந்து வெளியே தலைகாட்டியதும் பெப்டைட் டிஃபார்மைலேஸ் ஃபார்மைலை எடுத்துவிடுகிறது. அதன் பிறகுதான் மெதியோனின் அமினோபெப்டிடேஸ் மெதியோனினை வெட்ட முடியும். அதுவும் இரண்டாவது அமினோ அமிலம் கிளைசின், அலனின், செரின், திரியோனின், சிஸ்டீன், புரோலின், வாலின் போன்ற சிறியதாக இருந்தால் மட்டும். லூசின், லைசின், ஃபினைல்அலனின் போன்ற பெரியது வந்தால் மெதியோனின் நிற்கும். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் எல்27-க்கு இது முக்கியம்.

ஈ.கோலையின் எல்27, மெதியோனின் போனபின், அலனினில் தொடங்குகிறது. அதன் வால் போன்ற முன்முனை பெப்டைட் பிணைப்பு உருவாகும் மையத்துக்குள்ளேயே நீள்கிறது. ரைபோசோம் புரதங்களில் இவ்வளவு கிட்டே போவது அரிது. அந்த முனையில் மூன்று அமினோ அமிலங்களை வெட்டினாலே ஈ.கோலையின் வளர்ச்சி குறைகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ், பேசிலஸ் போன்ற ஃபர்மிக்யூட்டுகள் என்ற பாக்டீரியாக் குழுவில் இந்தப் புரதம் ஒன்பது அமினோ அமிலம் கூடுதலாகப் பிறக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் அவை: மெதியோனின், லூசின், லைசின், லூசின், அஸ்பராஜின், லூசின், குளுட்டமின், ஃபினைல்அலனின், ஃபினைல்அலனின். அதன் பிறகுதான் அலனின், செரின், லைசின், லைசின் என்று உண்மையான எல்27 தொடங்குகிறது. இந்த நீட்சியோடு அது மையத்துக்குள் சரியாக உட்கார வழியில்லை. பிஆர்பி என்ற சிஸ்டீன் புரோட்டியேஸ் இரண்டாவது ஃபினைல்அலனினுக்கும் அலனினுக்கும் நடுவே வெட்டுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸில் முதிர்ந்த ரைபோசோமில் இருப்பது வெட்டிய வடிவம்தான் என்பதும், வெட்டும் நொதி இதுதான் என்பதும் 2015-இல் வெளியானது. அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது ரைபோசோம் ஆய்வு அல்ல: 80 ஆல்ஃபா என்ற ஃபேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) உறைப்புரதத்தையும் இதே நொதி இதே போன்ற வரிசையில் வெட்டுவதைத் துரத்தியபோது கிடைத்தது. பிஆர்பி-யின் மரபணு எல்21-க்கும் எல்27-க்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. பல காலமாக எல்லார் கண்ணிலும் பட்டும் வேலை என்னவென்று தெரியாமல் கிடந்த மரபணு.

ஈ.கோலையில் பிஆர்பி கிடையாது. நீங்கள் முழு மரபணுவையும் போட்டால் நீட்சி அப்படியே நிற்கும். மெதியோனினுக்கு அடுத்தது லூசின் என்பதால் மெதியோனினும் போகாது. அந்த ஒன்பதின் எடையைக் கூட்டிப்பாருங்கள்: சுமார் 1,135 டால்டன். உங்களுக்கு அதிகமாக வந்தது இதுவாகத்தான் இருக்கும். இன்னும் 28 கூடுதலாக, அதாவது 1,163-இல் ஒரு சிறு உச்சம் தெரிந்தால் அது ஃபார்மைல் போகாத பகுதி. மரபணுவை மிகையாக எழுதவைக்கும் டி7 புரமோட்டரில் வேகமாக உற்பத்தி செய்யும்போது டிஃபார்மைலேஸ் ஈடுகொடுக்க முடியாமல் இப்படி மிஞ்சுவது உண்டு.

எல்27-ஐ ஏன் நீட்சியோடு செய்து பிறகு வெட்ட வேண்டும் என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. வெட்டப்படும்வரை ரைபோசோம் வேலை செய்யாமல் இருப்பதற்கான தாழ்ப்பாள் என்பது ஒரு ஊகம், நியாயமான ஊகம்தான். அதேபோல எல்27-இன் முனை பெப்டைட் பிணைப்பு வேதிவினையில் நேரடியாகக் கைகொடுக்கிறது என்று பழைய கட்டுரைகளில் படித்தால் அப்படியே ஏற்க வேண்டாம். எல்27 இல்லாத ஈ.கோலை ரைபோசோம்களை வேக அளவீடுகளில் சோதித்தபோது பிணைப்பு உருவாகும் வேகம் பெரிதாக மாறவில்லை. டிஆர்என்ஏ-க்களை நிலைப்படுத்தவும் ரைபோசோமைச் சரியாகக் கட்டவும் உதவுகிறது என்பதுதான் பாதுகாப்பான கூற்று.

வெட்டுவதைப் போல ஒட்டுவதும் உண்டு. இரண்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இவை இல்லாவிட்டால் வேலை குறையும். ஆர்எஃப்2, அதைப் போலவே நிறுத்தக் கோடானில் புரதத்தை விடுவிக்கும் ஆர்எஃப்1 இரண்டிலும் கிளைசின்-கிளைசின்-குளுட்டமின் என்ற மும்மை உண்டு. அந்தக் குளுட்டமினில் பிஆர்எம்சி என்ற நொதி ஒரு மெத்தைலை ஏற்றுகிறது. ஆர்எஃப்2-ஐ மிகையாக உற்பத்தி செய்தால் செல்லில் இருக்கும் கொஞ்சம் பிஆர்எம்சி போதாமல் பெரும்பகுதி மெத்தைல் இல்லாமலே வரும், விடுவிக்கும் திறனும் குறையும். இரண்டாவது, இஎஃப்-பி என்ற வாசிப்புக் காரணி. அடுத்தடுத்துப் புரோலின்கள் வந்தால் ரைபோசோம் திணறி நின்றுவிடும். இஎஃப்-பி வந்துதான் நகர்த்துகிறது. ஈ.கோலையில் அதன் 34-ஆவது லைசினில் பீட்டா-லைசின் ஏற வேண்டும்: ஈபிஎம்-பி என்ற நொதி சாதாரண லைசினைப் பீட்டா வடிவமாக்குகிறது, ஈபிஎம்-ஏ அதை ஒட்டுகிறது. ஈபிஎம்-சி பிறகு ஒரு ஹைட்ராக்ஸிலைச் சேர்க்கும், அது இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது. சூடோமோனாஸில் இஎஃப்-பி-யின் அதே முனையில் லைசினுக்குப் பதிலாக ஆர்ஜினின், அதில் ஏறுவது ரம்னோஸ் என்ற சர்க்கரை. ஒரே தேவைக்கு வேதியியலில் சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகள். வாலின் சிந்தடேஸின் வினைமையத்தில் மூன்று புரோலின்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த நொதியைத் தடையின்றிச் செய்யவே இஎஃப்-பி வேண்டும். டிரான்ஸ்லேஷனுக்கான, அதாவது எம்ஆர்என்ஏ வாசிப்புக்கான புரதத்தைச் செய்ய டிரான்ஸ்லேஷனுக்கான இன்னொரு புரதம்.

மற்ற ஒட்டுகள் பலவற்றுக்கு என்ன பயன் என்பது தெளிவாகவில்லை. எல்11-இல் பிஆர்எம்-ஏ என்ற நொதி மூன்று இடங்களில் மும்மூன்றாக ஒன்பது மெத்தைல்களை ஏற்றுகிறது. அந்த மரபணுவையே நீக்கினாலும் ஈ.கோலை கவலைப்படாமல் வளர்கிறது. எல்12-இன் முனையில் அசிட்டைல் ஏறினால் அதற்கு எல்7 என்று பெயர். வளர்ச்சி ஓய்ந்த கட்டத்தில் இதன் பங்கு கூடுகிறது. எஸ்12, எஸ்6, எஸ்18 எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ஒட்டு இருக்கிறது. சிறு துணையலகைப் பொறுத்தவரை ஒரு நல்ல சோதனை உண்டு: தனித்தனியாக உற்பத்தி செய்த புரதங்களையும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ-வையும் சேர்த்து, செயல்படும் சிறு துணையலகை (30எஸ்) சோதனைக் குழாயிலேயே கட்டிக் காட்டியிருக்கிறார்கள். எனவே அங்குள்ள ஒட்டுகள் அடிப்படை வேலைக்குக் கட்டாயம் அல்ல என்று சொல்லலாம். நெருக்கடியில் செல்லுக்கு உதவுமா என்பது வேறு கேள்வி, அதை இந்தச் சோதனை தீர்க்காது.

இனி உங்கள் மேசைக்கு. எல்27-க்கு இரண்டு வழிகள். எளியது, மரபணுவை மெதியோனின்-அலனின்-செரின்-லைசின்-லைசின் என்று தொடங்கும்படி பிரைமரை மாற்றுவது. அலனின் சிறியது என்பதால் ஈ.கோலையின் அமினோபெப்டிடேஸ் மெதியோனினை எடுத்துவிடும். ஆனால் அதிவேக உற்பத்தியில் ஒரு பகுதியில் மெதியோனின் மிஞ்சலாம். 131 டால்டன் இடைவெளியில் இரண்டு உச்சங்கள் வந்தால் அதுதான் காரணம். இரண்டாவது வழி, பிஆர்பி-யையும் சேர்த்து வெளிப்படுத்துவது. வெட்டுவதையே ஆராய்வதாக இருந்தால் மட்டும் இந்தச் சிரமம் எடுங்கள். எப்படியானாலும் சுத்திகரிப்புக்காக ஒட்டும் ஹிஸ்டிடின் டேகை முன்முனையில் வைக்காதீர்கள். ரைபோசோமில் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அது மையத்தையே அடைக்கும். பின்முனையில் வையுங்கள்.

உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி-யை 0.1 மில்லிமோலாருக்குக் குறைத்து 18 முதல் 25 டிகிரியில் வளர்த்தால் திரள்வது குறையும். காவல்காரப் புரதங்களை, குறிப்பாக எஸ்4, எல்4, எல்1 போன்றவற்றை, மிகையாகச் செய்யும்போது தூண்டியதும் செல் வளர்ச்சி சுணங்கும். மேலே சொன்ன காரணம்தான், அவை செல்லின் சொந்த ஓபரான்களையும் மூடிவிடுகின்றன. சுத்திகரிக்கும்போது ஆர்என்ஏ கூடவே வரும். 260, 280 நானோமீட்டர்களில் ஒளி உறிஞ்சலின் விகிதம் ஒன்றைத் தாண்டினால் புரத அளவீட்டை நம்பாதீர்கள். சுத்திகரிப்புக் குழாயில் (காலம்) ஏற்றியபின் 1 மோலார் உப்பில் நன்றாகக் கழுவுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 6 மோலார் யூரியாவில் பிரித்து, பிறகு மடிக்க வேண்டியிருக்கும். எஸ்டிஎஸ் ஜெல்லில் இந்தக் காரப் புரதங்கள் உண்மை எடையைவிடக் கனமாகத் தோன்றும். வெட்டியதையும் வெட்டாததையும் பிரித்துப் பார்க்க 16 சதவீத டிரைசின் ஜெல் போதும், ஆனால் முடிவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து ஆர்எஃப்2 செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மரபணுவை அப்படியே வெக்டரில் போட்டால், உற்பத்தி ஏற ஏற 26-ஆவது யுஜிஏ-வில் நின்று குறைந்துகொண்டே வரும். சிடிடி டிஜிஏ சி (டிஎன்ஏ-வில் யு-வுக்குப் பதில் டி) என்ற இடத்தில் ஒரு டி-யை நீக்கி சிடிடி ஜிஏசி ஆக்கிவிடுங்கள், வழுக்கலே தேவைப்படாது. பிஆர்எம்சி-யை இன்னொரு பிளாஸ்மிடில் கூடவே ஓட்டுங்கள். இன்னொன்று: எம்ஜி1655 போன்ற கே-12 வகையிலிருந்து மரபணுவை எடுத்தால் 246-ஆவது இடத்தில் திரியோனின் வரும், பிஎல்21 போன்ற பி வகையில் அங்கே அலனின் இருக்கிறது. திரியோனின் வடிவம் மந்தமானது. மெத்தைலும் ஏறாவிட்டால் இன்னும் மோசம். மெத்தைல் 14 டால்டன்தான், முழுப் புரதத்தில் அதைத் தேடாமல் டிரிப்சினால் துண்டாக்கி அந்தக் குளுட்டமின் இருக்கும் பெப்டைடைப் பாருங்கள். இஎஃப்-பி செய்ய நேர்ந்தால் தேட வேண்டியது 128 டால்டன் கூடுதல், ஹைட்ராக்ஸிலும் ஏறியிருந்தால் 144.